டிடிஆர்3 ரேமை மாற்றி டிடிஆர்3எல் போட்டால் மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும்?

கேள்வி

வணக்கம். இரண்டு கம்ப்யூட்டர்கள் பற்றிக் கேட்க வேண்டும்.

முதலாவது, 24 மணி நேரமும் ஓடும் ஃபைல் சர்வர். நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 டெஸ்க்டாப் ப்ராசசர். நான்கு ஸ்லாட்டிலும் 8 ஜிபி டிடிஆர்3-1600, எல்லாம் 1.5 வோல்ட், மொத்தம் 32 ஜிபி. வேலை இல்லாமல் சும்மா இருக்கும்போது சுவர் மீட்டரில் 34 வாட் காட்டுகிறது. நான்கையும் எடுத்துவிட்டு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் போடலாமா என்று யோசனை. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 1.35-ஐ 1.5-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.81 வருகிறது, அதாவது 19 சதவீதம் குறைவு. இந்த 19 சதவீதம் உண்மையில் கிடைக்குமா? ரேம் மட்டும் எத்தனை வாட் எடுக்கிறது என்பதை எப்படிக் கணக்கிடுவது?

இரண்டாவது, நான்காம் தலைமுறை யூ வரிசை (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை) ப்ராசசர் உள்ள லேப்டாப். 4 ஜிபி ஸ்டிக் ஒன்று இருக்கிறது, ஒரு ஸ்லாட் காலி. கையில் 4 ஜிபி எஸ்ஓடிம் (லேப்டாப் ரேம் ஸ்டிக்) ஒன்று இருக்கிறது, லேபிளில் பிசி3-12800எஸ் என்று போட்டிருக்கிறது, எல் என்ற எழுத்து இல்லை. ஸ்லாட்டில் சரியாக உட்காருகிறது. போட்டு ஓட்டலாமா?

கடைசியாக ஒன்று. சர்வரில் இருக்கும் 1.5 வோல்ட் ஸ்டிக்குகளையே பயாஸில் 1.35-க்கு இறக்கிவிட்டால் என்ன ஆகும்?

பதில் 1

லேப்டாப்பை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதற்கு ஒரே வரியில் பதில் உண்டு: வேண்டாம்.

டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டு எஸ்ஓடிம்மிலும் 204 பின்தான், நடுவில் உள்ள வெட்டும் ஒரே இடத்தில்தான். அதனால் எது எதில் வேண்டுமானாலும் உட்காரும். ஆனால் நான்காம் தலைமுறை யூ வரிசையின் மெமரி கன்ட்ரோலர் 1.35 வோல்ட் ரேமுக்காகவே செய்தது, போர்டும் ஸ்லாட்டுக்கு 1.35 மட்டுமே கொடுக்கும். உங்கள் ஸ்டிக்குக்குக் குறைந்தபட்சம் 1.425 வோல்ட் தேவை. பெரும்பாலும் திரை கறுப்பாகவே நிற்கும், அல்லது பீப் சத்தம் வரும். அதைவிட மோசம், பூட் ஆகிவிட்டுச் சூடு ஏறியபின் எப்போதாவது தொங்குவது. ரேம்தான் காரணம் என்று அப்போது யாருக்கும் தோன்றாது, ஆபரேட்டிங் சிஸ்டத்தைத்தான் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருப்பார்கள். வோல்டேஜ் குறைவுதான் என்பதால் ஸ்டிக் எரிந்துபோகாது, அந்த ஒரு ஆறுதல் உண்டு.

எதிர்த்திசையில் பிரச்சினை இல்லை. டிடிஆர்3எல் ஸ்டிக்கை 1.5 வோல்ட் ஸ்லாட்டில் போடலாம், அதன் விதிமுறையே அப்படித்தான். இரண்டு வோல்டேஜும் கொடுக்கக்கூடிய போர்டில் ஒரு 1.5 ஸ்டிக்கும் ஒரு 1.35 ஸ்டிக்கும் கலந்து போட்டால் இரண்டும் 1.5-இல் ஓடும். மிச்சம் ஒன்றும் இல்லை, கெடுதலும் இல்லை.

ஆறாம் தலைமுறையில் டிடிஆர்3எல் ஸ்லாட் வைத்து வந்த டெஸ்க்டாப் போர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ப்ராசசர்களுக்கு இன்டெல் சொல்லியிருப்பது 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே. பழைய 1.5, 1.65 ஸ்டிக்கை எடுத்து அதில் சொருகினால் அடி வாங்குவது ரேம் அல்ல, ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர்.

லேபிளில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: பிசி3எல் என்றால் 1.35, வெறும் பிசி3 என்றால் 1.5. லேபிள் உரிந்துபோயிருந்தால் ஸ்டிக்கின் விவரங்களைப் பதிந்துவைத்திருக்கும் எஸ்பிடி சிப்பைப் படியுங்கள். 0-விலிருந்து எண்ணினால் 6-ஆம் பைட்தான் வோல்டேஜ். அதில் 00 இருந்தால் 1.5 மட்டும். 02 என்றால் 1.5, 1.35 இரண்டும். 03 என்றால் 1.35 மட்டும், 1.5 ஆகாது. லினக்ஸில் ஐ2சி-டூல்ஸ் தொகுப்போடு வரும் டிகோட்-டிம்ஸ் இதை வோல்டேஜ் பட்டியலாகவே எழுதிக் காட்டும். விண்டோஸில் சிபியூ-இசட் திறந்து எஸ்பிடி பக்கத்தில் டைமிங் அட்டவணையின் கடைசி வரியைப் பாருங்கள்.

பதில் 2

சர்வர் கணக்குக்கு வருகிறேன். 19 சதவீதம் என்பது 34 வாட்டில் அல்ல, ரேம் எடுக்கும் பங்கில் மட்டும். அந்தப் பங்கு நினைப்பதைவிடச் சின்னது.

கணக்குப் போடும் முறை இது. ஸ்டிக்கில் உள்ள சிப்பின் எண்ணைப் பார்த்து அதன் டேட்டாஷீட்டை எடுங்கள். ஐடிடி என்ற பெயரில் ஒரு மின்னோட்ட அட்டவணை இருக்கும். சும்மா இருக்கும் ரேமுக்கு ஐடிடி2என், பவர்-டவுன் நிலைக்கு ஐடிடி2பி, தொடர்ந்து படிக்கும்போது ஐடிடி4ஆர், ரேம் தானே தன் தகவலைப் புதுப்பித்துக்கொண்டு தூங்கும் செல்ஃப்-ரெஃப்ரெஷ் நிலைக்கு ஐடிடி6. எல்லாம் ஒரு சிப்புக்கான மில்லியாம்ப். லேபிளில் 2ஆர்×8 என்று இருந்தால் 16 சிப், 1ஆர்×8 என்றால் 8 சிப். உங்கள் 8 ஜிபி ஸ்டிக்கில் 16 இருக்கும்.

ஐடிடி2என் 30 மில்லியாம்ப் என்று வைத்துக்கொள்வோம். 16 சிப்புக்கு 0.48 ஆம்பியர், 1.5-ஆல் பெருக்கினால் 0.72 வாட். நான்கு ஸ்டிக்குக்கு 2.88 வாட். இதில் 19 சதவீதம் என்றால் 0.55 வாட். சும்மா ஓடும் சர்வரில் எதிர்பார்க்கக்கூடிய உச்சம் அவ்வளவுதான்.

சுவரில் அது கொஞ்சம் பெரிதாகத் தெரியும். ரேமுக்குப் போகும் ஒவ்வொரு வாட்டும் பவர் சப்ளையிலும், பிறகு போர்டில் இருக்கும் ரெகுலேட்டரிலும் கொஞ்சம் இழந்துதான் வருகிறது. 34 வாட் போன்ற குறைந்த சுமையில் பவர் சப்ளையின் திறன் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால், ரேமில் 1 வாட் என்பது சுவரில் 1.4 வாட் அளவு. ஆக 0.55 என்பது சுவரில் 0.8 வாட். ஆண்டு முழுக்க ஓடினால் 1 வாட்டுக்கு 8.76 யூனிட், எனவே 7 யூனிட். நான்கு ஸ்டிக் வாங்கி அந்த 7 யூனிட்டில் போட்ட காசை எடுக்க முடியாது.

இப்போது வேறொரு கணக்கு. 32 ஜிபியும் உண்மையில் தேவையா? இரண்டு ஸ்டிக்கைக் கழற்றினால் 1.44 வாட் போகும், சுவரில் 2 வாட். செலவே இல்லாமல், வோல்டேஜ் மாற்றுவதைவிட இரண்டரை மடங்கு. ஒவ்வொரு சேனலிலும் ஒரு ஸ்டிக் இருக்கும்படி ஒரே நிறத்து ஸ்லாட்டில் விட்டுவைத்தால் டூயல் சேனலும் போகாது. போதுமா என்று பார்க்கும்போது, லினக்ஸின் ஃப்ரீ கட்டளையில் பயன்பாட்டு எண்ணைப் பார்க்காமல் 'அவைலபிள்' என்ற பத்தியை ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் வைத்திருந்தால் அது மீதி ரேமில் பெரும்பகுதியைக் கேஷாக எடுத்துக்கொள்ளும், அந்த அளவும் பயன்பாட்டில் இருப்பதாகவே தெரியும், அதை வைத்து ஏமாற வேண்டாம்.

பதில் 3

மேலே உள்ள கணக்கில் இரண்டு திருத்தம்.

ஒன்று, 19 சதவீதம் முழுசா கிடைக்காது. வர்க்க விதி எங்கே சரின்னா, வோல்டேஜ் நேரடியா ஏறி இறங்கும் சிக்னல் கம்பியிலும் வெளிப்புற சர்க்யூட்டிலும். ஆனா டிடிஆர்3 சிப்புக்குள்ளே செல் வரிசைக்குத் தனியா ஒரு ரெகுலேட்டர் இருக்கு. வெளியே 1.5 வந்தாலும் 1.35 வந்தாலும் உள்ளே செல்லுக்குப் போறது அதைவிடக் குறைஞ்ச, மாறாத வோல்டேஜ். அந்தப் பகுதியில மின்னோட்டம் மாறாது, வெளி வோல்டேஜ் மட்டும் 10 சதவீதம் குறையும், அதனால மிச்சமும் 10 சதவீதம்தான். ரெஃப்ரெஷ், அதாவது செல்லில கசியற சார்ஜை அடிக்கடி புதுப்பிக்கிறது, அந்தச் செலவு பெரும்பாலும் இந்தக் கணக்கில வரும். சும்மா கிடக்கிற ரேமில ரெஃப்ரெஷ் பங்கு கணிசம். ஆகவே 10-க்கும் 19-க்கும் நடுவிலேன்னு வைங்க: நாலு ஸ்டிக்குக்கு 0.29 முதல் 0.55 வாட், சுவரில 0.4 முதல் 0.8.

இரண்டாவது இன்னும் முக்கியம். டிடிஆர்3எல் வாங்கிப் போட்டுட்டா தானா 1.35-இல ஓடும்னு நினைச்சுக்காதீங்க. நான்காம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்கு இன்டெலோட பட்டியலிலேயே டிடிஆர்3எல்-ஐ 1.5 வோல்ட்டுன்னுதான் போட்டிருக்காங்க. நிறைய டெஸ்க்டாப் போர்டு 'ஆட்டோ'வில 1.5-ஐத்தான் கொடுக்கும். ஸ்டிக் ஒழுங்கா ஓடும், மிச்சம் சுழி. பயாஸ்ல டிராம் வோல்டேஜ்னு ஒரு வரி இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லைன்னா பேச்சே இல்லை.

அந்த வரியில 1.35 போட்ட பிறகு சரிபார்க்கணும். லினக்ஸ்ல டிஎம்ஐடிகோட் கட்டளை காட்டுற 'கான்ஃபிகர்டு வோல்டேஜ்' பயாஸ் எழுதி வெச்ச தகவல்தான், அளவீடு இல்லை. அளக்கணும்னா மல்டிமீட்டர்தான். ரேம் ஸ்லாட்டுக்கு ஒட்டி ஒண்ணு ரெண்டு சாம்பல் நிறக் கட்டி, அதாவது காயில் இருக்கும். டிசி வோல்ட்டில வெச்சு, கறுப்பு முனையைக் கேபினட் ஸ்க்ரூவில, சிவப்பு முனையை அந்தக் கட்டியோட சால்டர் ஓரத்தில. 1.35 பக்கம் காட்டணும். முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டா போர்டே போயிடும், அதனால முனைக்கு மேலே நுனி மட்டும் தெரியற மாதிரி இன்சுலேஷன் டேப் சுத்திக்கோங்க. இன்னொரு சோதனை, ஸ்லாட் ஓரத்தில இருக்கிற டெர்மினேஷன் ரெகுலேட்டர். அதோட அவுட்புட் எப்பவும் ரேம் வோல்டேஜில பாதி. 0.75 காட்டினா இன்னும் 1.5-இலதான் ஓடுது, 0.675-ன்னா 1.35.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. லேப்டாப்பில் போடவில்லை, பிசி3எல் ஒன்றே வாங்கிக்கொள்கிறேன். சர்வரில் அவைலபிள் பத்தி 20 ஜிபிக்குக் கீழே இறங்கவே இல்லை, அதனால் இரண்டைக் கழற்றுவது சரியாக வரும் போலிருக்கிறது. பயாஸில் டிராம் வோல்டேஜ் வரி இருக்கிறது, 0.05 படிகளாக. ஆகவே மூன்றாவது கேள்விக்கும் பதில் வேண்டும்: மீதி இரண்டு ஸ்டிக்கை இறக்கி ஓட்டலாமா?

இன்னொன்று, அடுத்த சர்வருக்கு டிடிஆர்4 பார்க்கும்போது சில கிட்டில் 1.35 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. அது குறைந்த வோல்டேஜ் வகையா?

பதில் 4

டிடிஆர்4 பற்றி மட்டும். இல்லை, நேர் எதிர்.

தலைமுறைக்கொரு வோல்டேஜ்: டிடிஆர் 2.5, டிடிஆர்2 1.8, டிடிஆர்3 1.5, டிடிஆர்3எல் 1.35, டிடிஆர்4 1.2, டிடிஆர்5 1.1. டிடிஆர்3-க்கு 1.35 குறைவு, டிடிஆர்4-க்கு அதே 1.35 கூடுதல். கிட்டில் எழுதியிருப்பது எக்ஸ்எம்பி ஓவர்கிளாக் ப்ரொஃபைல், அதாவது வழக்கமான வேகத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு. 1.2-லிருந்து 1.35-க்கு ஏற்றினால் வர்க்கக் கணக்கில் 27 சதவீதம் அதிகம், அதற்கு மேல் கிளாக் ஏறும் செலவு வேறு. 24 மணி நேர சர்வருக்கு எக்ஸ்எம்பி போடாமல் ஜெடெக் என்ற தர அமைப்பு வகுத்த 1.2 வோல்ட் வேகத்தில் ஓட்டுங்கள். டிடிஆர்5-இலும் இதே கதை, 1.35 வோல்ட் ப்ரொஃபைல் போட்டால் 1.1-ஐவிட ஒன்றரை மடங்கு.

டிடிஆர்4-இன் மிச்சம் வோல்டேஜில் மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டிடிஆர்3-இல் டேட்டா கம்பியின் முனை ஒரு ரெசிஸ்டர் வழியாகப் பாதி வோல்டேஜோடு இணைந்திருக்கிறது, இதைத்தான் டெர்மினேட் ஆவது என்பார்கள். 0 அனுப்பினாலும் 1 அனுப்பினாலும் கரண்ட் ஓடும். டிடிஆர்4-இல் மேல் வோல்டேஜுக்கே டெர்மினேட் ஆவதால் 1 அனுப்பும்போது கம்பியில் கரண்ட் இல்லை, 0-க்கு மட்டும்தான். ஒரு பைட்டில் 0 அதிகமானால் மொத்தத்தையும் தலைகீழாக்கி அனுப்பும் டேட்டா பஸ் இன்வெர்ஷன் என்ற வசதியும் அதற்காகவே வந்தது. கூடவே செல் வரிசையைத் திறக்கத் தேவைப்படும் உயர் வோல்டேஜை டிடிஆர்3 சிப் உள்ளுக்குள்ளேயே பம்ப் செய்து உருவாக்கும், அதில் இழப்பு உண்டு. டிடிஆர்4-இல் அதற்கென்று 2.5 வோல்ட் தனியாக வெளியிலிருந்தே வருகிறது.

டிடிஆர்5 ஸ்டிக்கை ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. அதில் ரெகுலேட்டர் போர்டில் இல்லை, ஸ்டிக்கின் மேலேயே இருக்கிறது. டெஸ்க்டாப்பில் அதற்கு 5 வோல்ட் போகிறது. ரெகுலேட்டர் இழப்பும் ஸ்டிக்கின் கணக்கில் சேர்ந்துவிடும். ஸ்டிக் சூடாக இருக்கிறது என்பதால் சிப்புகள் அதிகம் எடுக்கின்றன என்று முடிவு கட்டக் கூடாது.

32 ஜிபி வேண்டுமானால் நான்கு 8 வாங்காதீர்கள், இரண்டு 16 வாங்குங்கள். மொத்தச் சிப் எண்ணிக்கை குறைந்தால்தான் மிச்சம், அதனால் லேபிளில் 1ஆர்×8 என்று இருக்கிறதா பாருங்கள்.

பதில் 5

இறக்கி ஓட்டுவது பற்றி. 1.5 வோல்ட் டிடிஆர்3-க்கு அனுமதித்த எல்லை 1.425 முதல் 1.575 வரை. உங்கள் பயாஸ் 0.05 படியில் போகிறது, எனவே 1.45 எல்லைக்குள்ளேயே இருக்கிறது. தாராளமாகப் போடலாம். வர்க்கக் கணக்கில் 6.6 சதவீதம், உண்மையில் 3-க்கும் 6-க்கும் இடையில். 1.40-ம் 1.35-ம் எல்லைக்கு வெளியே.

வெளியே போனால் என்ன நடக்கிறது? வோல்டேஜ் குறையக் குறைய ட்ரான்சிஸ்டர் மெதுவாகத் திறக்கிறது. செல்லில் இருக்கும் மிகச் சின்னச் சார்ஜை சென்ஸ் ஆம்ப்ளிஃபையர் 0-வா 1-ஆ என்று பிரித்தெடுக்க நேரம் அதிகம் பிடிக்கிறது. டிடிஆர்3-1600-இன் 11-11-11 டைமிங்கில் இதற்கு 13.75 நானோசெகண்ட்தான் அவகாசம். அதற்குள் முடியாத செல் தவறான பிட்டைக் கொடுக்கும். எல்லா செல்லும் ஒரே மாதிரி இருப்பதில்லை, கோடிக்கணக்கில் ஒன்றிரண்டு பலவீனமானவை இருக்கும். அதனால்தான் பூட் ஆகும், ஒரு வாரம் ஓடும், எட்டாம் நாள் ஒரு ஃபைல் கெட்டுப்போகும்.

உங்கள் ஐ5-இல் ஈசிசி, அதாவது ரேம் பிழையைத் தானே கண்டு திருத்தும் வசதி, கிடையாது. ஃபைல் சர்வரில் ரேம் என்பது டிஸ்க்குக்குப் போகும் வழி. கேஷில் புரண்ட ஒரு பிட் அப்படியே டிஸ்க்கில் எழுதப்படும், பிறகு பேக்கப்பிலும் ஏறும். கால் வாட்டுக்காக அதைச் செய்யவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

1.45 போட்ட பிறகும் சோதனை தேவை, போர்டு சொன்னதைவிடக் குறைத்துக் கொடுக்கலாம். மெம்டெஸ்ட்86+ யுஎஸ்பியில் பூட் செய்து குறைந்தது நான்கு முழுச் சுற்று. 16 ஜிபிக்கு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். பிழைப் பட்டியலை ஒருமுறை உற்றுப் பாருங்கள்: எப்போதும் ஒரே முகவரி என்றால் அந்த இடத்து செல் பலவீனம், 1.5-இலும் அது வரக்கூடும், அந்த ஸ்டிக்கையே ஓரம் கட்டுங்கள். முகவரி மாறி, பிட் மட்டும் அதே இடம் என்றால் ஒரு டேட்டா கம்பியில் சந்தேகம். ஸ்டிக்கைக் கழற்றித் தங்கப் பூச்சுப் பட்டையை அழிரப்பரால் துடைத்து மீண்டும் போடுங்கள். அங்கும் இங்கும் சிதறி வந்தால்தான் வோல்டேஜ் போதவில்லை என்று பொருள். ஒரு படி ஏற்றுங்கள்.

மிச்சம் பிடிக்க உண்மையான இடம் வேறு. பயாஸில் மெமரி பவர்-டவுன் 'டிசேபிள்டு' என்று இருந்தால் மாற்றுங்கள். ஐடிடி2என் 30, ஐடிடி2பி 14 மில்லியாம்ப் என்று வைத்தால், ஒரு ஸ்டிக் 0.72-லிருந்து 0.34 வாட்டுக்கு இறங்கும். பாதிக்குக் கீழே, அதுவும் அதே 1.5 வோல்ட்டில். அடுத்தது, ப்ராசசர் ஆழமான பேக்கேஜ் சி-நிலைக்கு (மொத்தச் சிப்பும் தூங்கும் நிலை) போகிறதா என்று லினக்ஸின் டர்போஸ்டாட் கட்டளையில் பாருங்கள். போனால்தான் மெமரி கன்ட்ரோலர் ரேமை செல்ஃப்-ரெஃப்ரெஷில் விட்டுவிட்டுத் தூங்கும். கூடுதல் சாட்டா கார்டு ஒன்று ஏஎஸ்பிஎம் (பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பைத் தூங்கவிடும் வசதி) இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அந்த நிலைக்குப் போகவே விடாது. பேக்கேஜ் பிசி6, பிசி7 பத்திகளில் 0 மட்டுமே வந்தால் கார்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை பாருங்கள். அங்கே கிடைக்கும் வாட்டுக்கு முன்னால் ரேம் வோல்டேஜ் எல்லாம் ஒன்றுமே இல்லை.

அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். அரை வாட் வித்தியாசம் சுவர் மீட்டரின் உடனடி எண்ணில் தெரியாது. ஒரு ஃபேன் வேகம் மாறினாலே அதை மூடிவிடும். யூனிட் எண்ணிக்கையை வைத்து அளங்கள். அரை வாட் ஒரு நாளைக்கு 0.012 யூனிட். மீட்டர் 0.01 யூனிட்டுக்குத்தான் படி வைக்கும் என்றால் ஒரு நாள் போதாது, ஒரு வாரம் ஓட்டினால் 0.084 வரும், அப்போது நம்பலாம். இரண்டு வாரமும் ஒரே டிஸ்க், ஒரே வேலை, ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். டர்போஸ்டாட்டில் ரேம் வாட் என்று ஒரு பத்தி வரலாம். பல டெஸ்க்டாப் சிப்பில் அது வராது. வந்தாலும் சில தலைமுறைகளில் அது நேரடி அளவீடு அல்ல, செயல்பாட்டை வைத்துப் போடும் உத்தேசம். வோல்டேஜை மாற்றினால் அது அசையாமலே இருக்கலாம்.

பதில் 6

லேப்டாப்புக்கு பிசி3எல் வாங்குவதால் ஒரு பயன் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. லேப்டாப்பை மூடித் தூங்க வைக்கும்போது கிட்டத்தட்ட எல்லாம் அணைந்துவிடும், ரேம் மட்டும் செல்ஃப்-ரெஃப்ரெஷில் விழித்திருக்கும். ஓடும்போது ரேமின் பங்கு சின்னது. தூங்கும்போது அதுதான் பெரும் செலவு.

4 ஜிபி ஸ்டிக்கில் 8 சிப், ஐடிடி6 20 மில்லியாம்ப் என்று வையுங்கள். 1.35-இல் 0.216 வாட், இரண்டு ஸ்டிக்குக்கு 0.43. 45 வாட்-மணி பேட்டரி ரேமுக்கு மட்டும் 104 மணி நேரம் தாங்கும். அதே மின்னோட்டத்தை 1.5-இல் வைத்தால் 0.48 வாட், 94 மணி. டேட்டாஷீட் எண்கள் உச்ச எண்கள், உண்மையில் செலவு இதைவிடக் குறைவாகவே வரும். ஆனால் விகிதம் இதுதான். 10 மணி நேர வித்தியாசம்.

சில லேப்டாப்பிலும் ஃபோனிலும் இருக்கும் எல்பிடிடிஆர் என்ற குறைந்த மின்சார ரேம் பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் ஆகி வருவதால் மாற்ற முடியாது. அது வெறும் வோல்டேஜ் குறைத்த டிடிஆர் அல்ல. சூடு குறைந்தால் ரெஃப்ரெஷைத் தானே தாமதப்படுத்தும், தேவைப்படாத பகுதிக்கு ரெஃப்ரெஷையே நிறுத்தும். எல்பிடிடிஆர்4-இல் 1.1 வோல்ட்டாக இருந்த டேட்டா கம்பி வோல்டேஜ் எல்பிடிடிஆர்4எக்ஸ்-இல் 0.6 ஆனது.

வாங்கும்போது பிசி3எல்-12800எஸ், 1ஆர்×8 என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். அதே 4 ஜிபிக்கு 2ஆர்×8 வந்தால் 16 சிப் இருக்கும், தூக்கத்தில் செலவு கூடும்.